முதலில் பானம், பிறகு பாட்டில்: வீட்டு காக்டெய்லுக்கு நல்ல சரக்கைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டில் காக்டெய்ல் கலக்க ஆசைப்படுபவர்கள் பலரும் ஜின் ஒன்று, ரம் ஒன்று, வோட்கா ஒன்று, பார்க்க அழகாக இருக்கிறதே என்று நீல நிற லிக்கர் (மணமூட்டிய இனிப்பு மது) ஒன்று என அலமாரியை நிரப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கு பாட்டில்களில் மூன்று, ஒரு முறை திறந்ததோடு அப்படியே நிற்கும். காரணம், எந்தப் பானத்துக்கு என்று தீர்மானிக்காமல் வாங்கியதுதான். தனியாகக் குடிக்க அருமையாக இருக்கும் ஒரு ரம், எலுமிச்சையும் பாகும் சேர்ந்ததும் காணாமல் போகலாம். தனியாக நுகர்ந்தால் முரட்டுத்தனமாகத் தெரியும் இன்னொன்று, அதே கலவையில் எடுப்பாக நிற்கலாம். எனவே பானத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டிலை அந்தப் பானத்துக்குள் வைத்தே எடைபோடுங்கள்.

ஆரம்பிக்க இரண்டு பானங்கள் போதும். ஒன்று டாக்கிரி: வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25 மில்லி, சமஎடைச் சர்க்கரைப் பாகு (சர்க்கரையும் தண்ணீரும் ஒரே எடை) 20 மில்லி. ஐஸோடு குலுக்கி வடிகட்ட வேண்டும். மற்றொன்று நெக்ரோனி: ஜின், சிவப்பு இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த வைன்), கம்பாரி (கசப்பான சிவப்பு லிக்கர்) மூன்றும் தலா 30 மில்லி. இதைக் குலுக்கக் கூடாது, ஐஸோடு கிளறினால் போதும். புளிப்பும் இனிப்பும் சமன்படும் பானங்களுக்கெல்லாம் டாக்கிரிதான் எலும்புக்கூடு. ரம்முக்குப் பதில் ஜின் ஊற்றினால் கிம்லெட். டெக்கீலாவை ஊற்றி, பாகின் இடத்தில் ஆரஞ்சு லிக்கரைச் சேர்த்தால் மார்கரிட்டா. நெக்ரோனியில் ஜின்னை எடுத்துவிட்டு போர்பன் விஸ்கி சேர்த்தால் பூலவார்டியே. ஜின்னுக்குப் பதில் சோடா நிரப்பினால் அமெரிக்கானோ. இவற்றில் டாக்கிரி, கிம்லெட், நெக்ரோனி, அமெரிக்கானோ நான்கும் ரம், ஜின், வெர்மூத், கம்பாரி என்ற நான்கே பாட்டில்களில் விரிகின்றன. 1970களில் கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் பிறந்த ஜங்கிள் பேர்ட் என்ற பானத்துக்கும் கம்பாரி வீட்டில் ஏற்கெனவே இருக்கும். கறுப்பு ரம்மும் அன்னாசிச் சாறும் வாங்கினால் போதும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஜின்னுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தபட்சம் 37.5%, அமெரிக்காவில் 40%. இந்த எண் போதை ஏறுவதைப் பற்றியது மட்டுமல்ல. ஜூனிப்பர் என்ற காய், கொத்தமல்லி விதை, பழத்தோல் ஆகியவற்றின் மணம் எண்ணெய்ப் பொருள்களில் இருக்கிறது. அவற்றைக் கரைத்து வைத்திருப்பது ஆல்கஹால். நெக்ரோனியில் 47% ஜின்னையும் 37.5% ஜின்னையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பாரி 25%, வெர்மூத் 16% என்றால், 90 மில்லி கலவையில் ஐஸ் உருகி 22 மில்லி நீர் சேர்ந்தபின் முதல் கிளாஸ் ஏறக்குறைய 23.5%, இரண்டாவது 21%. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் கம்பாரியின் கசப்பு அதே அளவில் இருக்க, எதிரே நிற்கும் ஜின்னின் குரல் மட்டும் தணிகிறது. நெக்ரோனிக்கு 43 சதவீதத்துக்குக் குறையாத ஜின்னையே தேடுங்கள்.

லண்டன் டிரை ஜின் என்ற பெயர் ஊரைக் குறிப்பதல்ல, செய்முறையைக் குறிப்பது. காய்ச்சி வடித்தபின் எந்த மணமும் சேர்க்கக் கூடாது. சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. முதல் ஜின் பாட்டிலாக இதை வாங்கினால் எந்தச் செய்முறைக்கும் பொருந்தும். வெள்ளரி, ரோஜா, ஆரஞ்சு என்று ஒரே மணம் தூக்கலாக இருக்கும் ஜின்களை இரண்டாவது பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம்.

அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் டெக்கீலாவில் "100% அகாவே" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொற்கள் இல்லையென்றால் பாதியை விடச் சற்றே அதிகமாக, அதாவது 51% அகாவே சர்க்கரை இருந்தால் போதும். மீதி வேறு சர்க்கரை. லேபிளில் நோம் (NOM) என்ற எழுத்துகளுடன் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது தயாரித்த ஆலையின் எண். இரண்டு வெவ்வேறு பிராண்டுகளில் ஒரே எண்ணைக் கண்டால் இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன என்று பொருள். உங்களுக்குப் பிடித்த டெக்கீலாவின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதே எண்ணுள்ள மற்றவற்றைத் தேடுவது, நல்ல பாட்டிலைக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரிந்த எளிய வழி.

விஸ்கியில் நிறத்தை நம்பாதீர்கள். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. குறைந்தபட்சம் 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும், 40% இருக்க வேண்டும் என்பவைதான் கட்டாயம். போர்பனில் குறைந்தது 51% சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில் ஊற வேண்டும். வெனிலா, கேரமல் மணம் அதில் தூக்கலாக இருப்பதற்கு அந்தப் புதிய கருகிய மரமே காரணம். "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று இருந்தால் இன்னும் நல்லது: 1897இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டு ஊறி, சரியாக 50 சதவீதத்தில் அடைத்தது. கலவைக்கு அந்த 50% மிகவும் தோதானது. லேபிளில் வயது எழுதியிருந்தால், அது பாட்டிலுக்குள் இருப்பவற்றில் மிக இளையதன் வயது. சராசரி அல்ல.

ரம்முக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. சில ரம்களில் சர்க்கரை கலந்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதிக்கிறது. இனிப்பான ரம்மை வைத்து டாக்கிரி செய்தால் செய்முறை சொல்லும் 20 மில்லி பாகு திகட்டும். கண்டுபிடிக்க ஒரு சோதனை: வெள்ளைத் தட்டில் ஒரு தேக்கரண்டி ரம்மைப் பரப்பி, நெருப்புக்கு அருகில் இல்லாமல், இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் சர்க்கரை இருக்கிறது. பீப்பாயில் ஊறிய ரம் மெல்லிய கறையை விடும், ஆனால் ஒட்டாது.

ஆரஞ்சு லிக்கரிலும் சதவீதமே உண்மையைச் சொல்லும். 40% உள்ளவை மணமும் காரமும் கொண்டவை; 15 முதல் 20% உள்ளவை பெரும்பாலும் ஆரஞ்சு வாசனை போட்ட பாகு. மார்கரிட்டாவில் இரண்டையும் அதே அளவில் மாற்றிப் போட முடியாது.

எங்கே வாங்கினாலும் மூடியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலோ, ஒரே வகைப் பாட்டில்களில் திரவ மட்டம் ஏறுமாறாக இருந்தாலோ, நம்ப முடியாத மலிவாக இருந்தாலோ தொடாதீர்கள். கள்ளச்சரக்கில் மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ருசி பார்ப்பது

ஒற்றைப் பாட்டிலை மட்டும் ருசித்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நாக்குக்கு ஒப்பீடு வேண்டும். ஒரே வகையில் இரண்டு அல்லது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். 50 மில்லி சின்னப் பாட்டில்கள் கிடைத்தால் அவையே சிறந்தவை. இல்லையென்றால் நண்பர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பகிரலாம். கிளாஸ்கள் ஒரே வடிவத்தில், வாய் குறுகி வயிறு அகன்று இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 15 மில்லி.

முதலில் தண்ணீர் சேர்க்காமல் நுகருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல், விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் தள்ளி, உதடுகளைச் சற்றுத் திறந்து வைத்து நுகர்ந்தால் ஆல்கஹால் நெடி மூக்கை அடைக்காது. பிறகு அதே அளவு, 15 மில்லி, தண்ணீர் சேர்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். 40% இப்போது 20% ஆகியிருக்கும். விஸ்கி கலப்பவர்களும் ஏறக்குறைய இந்த அளவுக்குத் தணித்துத்தான் நுகர்கிறார்கள். ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கியதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த குறைகள் வெளிவரும்: நகப்பூச்சு நீக்கியின் நெடி, நனைந்த அட்டைப்பெட்டி வாசம், செயற்கை வெனிலா. நல்லவையும் அப்போதுதான் விரியும். காக்டெய்லும் ஏறக்குறைய இதே வலுவில்தான் கிளாஸுக்கு வருகிறது என்பதால் இந்த நிலையில் பிடித்தது கலவையிலும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது உண்மையான தேர்வு: சின்ன அளவில் பானத்தையே செய்வது. டாக்கிரி என்றால் ரம் 24 மில்லி, சாறு 10, பாகு 8. ஐஸ் போட்டுக் குலுக்காதீர்கள். இவ்வளவு குறைந்த அளவைக் குலுக்கினால் ஒவ்வொரு முறையும் உருகும் நீர் வேறுபடும். பிறகு எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. அதற்குப் பதில் 14 மில்லி குளிர்ந்த நீரை அளந்து ஊற்றிக் கிளறி, ஃபிரிட்ஜில் ஒரு மணிநேரம் வையுங்கள். நெக்ரோனிக்கு மூன்றும் தலா 10 மில்லி, தண்ணீர் 7 மில்லி. எல்லாக் கிளாஸிலும் நீரும் குளிர்ச்சியும் ஒன்றாக இருப்பதால், தெரிகிற வித்தியாசம் முழுக்க ரம்முடையது அல்லது ஜின்னுடையது.

விலை உயர்ந்த பாட்டிலுக்கு மனம் முன்கூட்டியே மதிப்பெண் போட்டுவிடும். அதைத் தடுக்க, வேறொருவரைக் கிளாஸ்களின் அடியில் குறியிட்டு ஊற்றச் சொல்லுங்கள். மூன்று கிளாஸ்; இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் மற்றது. வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும் என்பதால் மூன்று சுற்று செய்யுங்கள். மூன்றையும் அதிர்ஷ்டத்தால் சரியாகச் சொல்ல 27இல் ஒரு வாய்ப்புத்தான். வித்தியாசம் தெரியவில்லையா? மலிவானதை வாங்குங்கள்.

மூன்று சின்ன டாக்கிரியில் 72 மில்லி ரம் இருக்கிறது. ஏறக்குறைய 23 கிராம் தூய ஆல்கஹால். தணித்து நுகர்ந்தபோது எடுத்த 45 மில்லி இதற்கு மேலே. ஒரு மாலையில் தனியாள் விழுங்குவதற்கு இது அதிகம். துப்புவதற்கு ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வையுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் மூன்று பேர் பகிருங்கள். நான்காவது மாதிரிக்குப் பின் மூக்கு தரும் தீர்ப்பை நம்ப முடியாது. வண்டி ஓட்ட வேண்டியவர்கள், கருவுற்றவர்கள், ஆல்கஹாலோடு சேரக் கூடாத மருந்து எடுப்பவர்கள், சட்டப்படி வயது வராதவர்கள் இந்தச் சுற்றில் இல்லை.

பாட்டிலுக்கு வெளியே இருப்பவை

சரக்குக்குச் செலவழித்துவிட்டுச் சாற்றில் கோட்டை விடுவதுதான் அதிகம் நடக்கிறது. எலுமிச்சையை அன்றன்றே பிழியுங்கள். அடைத்து விற்கும் சாற்றில் வேகவைத்த ருசி இருக்கும். எந்த ரம்மாலும் அதை மறைக்க முடியாது. பழம் அறை வெப்பத்துக்கு வந்தபின் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு கூடுதலாக வரும். தோலின் மணம் வேண்டுமென்றால் பிழிவதற்கு முன்பே சீவிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லிசாகச் சீவ வேண்டும், அதில்தான் கசப்பு. செய்முறைகளில் லைம் என்றால் சிறிய பச்சை எலுமிச்சை, லெமன் என்றால் பெரிய மஞ்சள் எலுமிச்சை. புளிப்பு இரண்டிலும் 6 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் அளவு மாறாது; மணம்தான் மாறும். ஆரஞ்சில் புளிப்பு அதில் ஒரு சிறு பங்குதான். எலுமிச்சையின் இடத்தில் அதை ஊற்றினால் பானம் சப்பென்று ஆகிவிடும்.

பாகைக் கப்பால் அளக்காதீர்கள், தராசில் எடை போடுங்கள். ஒரு கப் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். கப்பால் அளந்த பாகு சமஎடைப் பாகை விட நீர்த்தது. சமஎடைப் பாகில் ஒரு மில்லிக்கு 0.6 கிராம் சர்க்கரை. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் சேர்த்த கெட்டிப் பாகில் 0.88 கிராம். எனவே செய்முறை 20 மில்லி சமஎடைப் பாகு கேட்டால் கெட்டிப் பாகு 14 மில்லி போதும். கொதிக்கவைக்கத் தேவையில்லை, வெந்நீரில் கரைத்தால் சரி. கொதித்தால் நீர் ஆவியாகி விகிதம் கெடும். ஃபிரிட்ஜில் சமஎடைப் பாகு மூன்று நான்கு வாரம் தாங்கும், கெட்டிப் பாகு அதைவிட நீண்ட நாள். கலங்கினாலோ வெள்ளை நூல் போல எதுவும் மிதந்தாலோ கொட்டிவிடுங்கள்.

வெர்மூத் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அது வைன். மூலிகையும் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்த வைன். 15 முதல் 18 சதவீதம்தான். அதை விஸ்கியைப் போல அலமாரியில் ஒரு வருடம் வைத்துவிட்டு நெக்ரோனி பிடிக்கவில்லை, விஸ்கியில் வெர்மூத் சேரும் மான்ஹாட்டன் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். மூடியைத் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளை டிரை வெர்மூத்தை ஒரு மாதத்துக்குள், சிவப்பு இனிப்பு வெர்மூத்தை இரண்டு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. 375 மில்லி பாட்டில் கிடைத்தால் பெரியதை வாங்காதீர்கள். பழத்தின் மணம் மங்கி, வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாசம் வந்தால் அதன் காலம் முடிந்தது, சமையலுக்குப் பயன்படுத்தலாம்.

சில சொட்டு மட்டும் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாறான பிட்டர்ஸ் இதற்கு நேர் எதிர். அங்கோஸ்டூரா பிட்டர்ஸில் 44.7% ஆல்கஹால் இருப்பதால் வெளியிலேயே வருடக்கணக்கில் கெடாது. 1824இல் வெனிசுவேலாவில் மருந்தாகத் தொடங்கி இப்போது டிரினிடாடில் தயாராகிறது. செய்முறைகளில் வரும் ஒரு உதறல் (டேஷ்) என்பது ஏறக்குறைய 0.8 மில்லி, ஆனால் பாட்டில் நிறைந்திருக்கும்போதும் தீரும்போதும் விழும் அளவு வேறு. உதறுவதற்குப் பதில் சொட்டுக்குழாயில் சொட்டுகளை எண்ணி எடுத்தால் ஒவ்வொரு கிளாஸும் ஒரே மாதிரி அமையும்.

உப்பு. 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்துச் சொட்டுப் பாட்டிலில் வையுங்கள். கசப்பான பானத்தில் மூன்று சொட்டு விட்டால் உப்பு தெரியாது, கசப்பு மட்டும் தணியும். இவ்வளவு மலிவாக இவ்வளவு வித்தியாசம் காட்டும் பொருள் வேறில்லை.

ஐஸும் ஒரு சேர்மானம்தான். கிளாஸில் இருப்பதில் கால்பங்கு அதிலிருந்து வந்த நீர். ஃபிரீசரில் மீனும் வெங்காயமும் திறந்து கிடந்தால் ஐஸுக்கும் அந்த வாசம் ஏறும்; மூடியுள்ள தட்டில் உறையவையுங்கள். குலுக்க வேண்டிய பானத்தைப் பெரிய கட்டிகளோடு 12 வினாடி பலமாகக் குலுக்குங்கள். கிளற வேண்டியதை 30 வினாடி கிளறுங்கள். ஷேக்கரில் முக்கால்வாசி ஐஸ் இருக்க வேண்டும். ஐஸ் குறைந்தால் பானம் நீர்த்துப் போகாது என்று நினைப்பது தவறு: குறைந்த ஐஸ் முழுக்க உருகியும் பானம் குளிராது, நீர் மட்டும் சேரும். தெளிந்த பெரிய கட்டி வேண்டுமானால், மூடியில்லாத சின்ன ஐஸ்பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். பக்கங்கள் குளிர் புகாதவை என்பதால் மேலிருந்து கீழாகவே உறையும். காற்றுக்குமிழ்கள் அடிக்குத் தள்ளப்படும். ஏறக்குறைய ஒரு நாளில், அடியில் இன்னும் நீர் இருக்கும்போதே எடுத்து மேல்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

நீங்களே ஊறவைக்கும்போது

புதிய ருசிகளைத் தேட, வாங்குவது மட்டுமே வழியல்ல. 750 மில்லி ஜின்னில் 15 கிராம் கறுப்புத் தேயிலை போட்டால் அறை வெப்பத்தில் ஒரு மணிநேரம் போதும்; அதற்கு மேல் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். மிளகாய் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ருசித்து, பிடித்த இடத்தில் உடனே வடிகட்டுங்கள். காரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பழங்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள். பழம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், சரக்கு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஏனெனில் பழத்தின் நீர் அதை மேலும் தணிக்கும். புகையிலை, பெயர் தெரியாத பூக்கள், கசப்பு ஆப்ரிகாட் பருப்பு இவற்றை ஊறவைக்காதீர்கள், விஷம். டானிக் வாட்டரை வீட்டிலேயே செய்ய சின்கோனா பட்டையை ஊறவைப்பதும் ஆபத்து: பட்டைக்குப் பட்டை குயினின் அளவு மாறும், அதிகமானால் காதில் இரைச்சலும் தலைச்சுற்றலும் வரும்.

பானம் சரியாக வராதபோது

புளிப்பு தூக்கினால் பாகை 2 மில்லி வீதம் கூட்டிப் பாருங்கள். சாற்றைக் குறைத்தால் பானம் தட்டையாகும். எல்லாம் சரியான அளவில் இருந்தும் நீர்த்துத் தெரிந்தால் ஐஸைப் பாருங்கள்: வெளியில் வைத்து ஈரம் கசிந்த ஐஸ் ஏற்கெனவே நீரோடு உள்ளே போகிறது. மணமே இல்லையென்றால், கிளாஸின் மேல் சீவிய தோலைப் பிழிந்து அதன் எண்ணெயைத் தெளிக்க மறந்திருப்பீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்க்கும் பானங்களுக்குப் பாஸ்டரைஸ் செய்ததையே வாங்குங்கள். ஆல்கஹால் கிருமியை உடனே கொன்றுவிடும் என்பது உண்மையல்ல. செம்புக் குவளையில் எலுமிச்சை சேர்ந்த பானத்தை ஊற்றுவதாக இருந்தால் உள்ளே வேறு உலோகப் பூச்சு இருக்க வேண்டும். புளிப்பு செம்பைக் கரைக்கும்.

பாட்டில்களை நிமிர்த்தியே வையுங்கள். வைனைப் போலப் படுக்கவைத்தால் 40% ஆல்கஹால் தக்கையை அரித்துப் பொடியாக்கும். வெயில் படாத இடம் வேண்டும்; ஜன்னலோரம் அழகுக்காக அடுக்கிய பாட்டில்களில் நிறம் வெளுக்கும், மணமும் போகும். கால்பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் மேலே காற்று நிறைய நிற்பதால் சில மாதங்களில் ருசி மந்தமாகிவிடும். அந்த மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குக் கழுத்து வரை மாற்றி, பெயரையும் தேதியையும் ஒட்டி வைத்தால் அடுத்த ஒப்பீட்டுக்கு மாதிரியாகப் பயன்படும்.